ஆற்றுமுகத்தில் இடிக்கப்பட்ட இரண்டு கற்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

"அக்கா, தோத்துப்போன படையோட கல்லுதானே, அதை ஏன் அவ்வளவு அவசரமா இடிச்சாங்க?"

எஸ்பிளனேட் பூங்காவில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் ஒரு காலத்தில் நின்ற இடத்தில், உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டாள். தமிழ் மாணவர்களைச் சிங்கப்பூர் ஆற்றோரம் அழைத்துப்போய்ப் பழைய இடங்களைக் காட்டுவது என் வார இறுதித் தொண்டூழியம். யார் கட்டியது, யார் இடித்தது, எந்த ஆண்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏன் என்ற கேள்விக்கு மட்டும் அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. "போர் முடிஞ்சதும் அப்படித்தான் செய்வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டேன்.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு ஒரு கல் போதாது, இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தூரத்தில், பிரிட்டிஷ் அதிகாரிகள் இரண்டு கற்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதலாவது 1843இல், இரண்டாவது 1945இல். இடையில் 102 ஆண்டுகள். முதல் கல் போனதற்குக் காரணம், அதற்குச் சொந்தக்காரர் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இரண்டாவது கல் போனதற்குக் காரணம், அதற்குச் சொந்தக்காரர்கள் ஏராளமாக இருந்தார்கள்.

முதல் கல்

1819இல் இது ஒரு சின்ன ஆற்றங்கரை ஊர். ஆறே சுமார் 3 கிலோமீட்டர்தான். வலக்கரையில் சதுப்பு, இடக்கரையில் காடும் தெமங்கோங் என்ற மலாய்த் தலைவரின் குடியிருப்பும். ஆறு கடலில் சேரும் இடத்தில், இன்று ஃபுல்லர்டன் ஹோட்டல் நிற்கும் பக்கமாக, பாறைகள் நிறைந்த ஒரு முனை இருந்தது. அங்கே காடு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட ஒரு மணற்பாறையைக் கண்டார்கள். அதன் முகத்தில் ஏறத்தாழ 50 வரிகள் செதுக்கப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் தேய்ந்துபோன எழுத்து.

ஊரே போய்ப் பார்த்தது. இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் பார்த்தார். முன்ஷி அப்துல்லா பார்த்து எழுதியும் வைத்தார். இந்துக்கள் அதை இந்து எழுத்து என்றார்களாம், சீனர்கள் சீன எழுத்து என்றார்களாம். அப்துல்லாவை நம் மாணவர்களுக்கு நான் கொஞ்சம் நிறுத்தித்தான் அறிமுகப்படுத்துவேன். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். ஆனால் அவர் மலாக்காவில் தமிழும் படித்தவர், அன்று அந்த ஊரில் வணிகம் செய்யத் தமிழ் வேண்டியிருந்தது. அவர் முன்னோரில் நாகூர் வழியும் உண்டு.

1843இல் ஆற்றின் வாயை அகலப்படுத்தவும் முனையில் இருந்த கோட்டைப் பகுதியை விரிவாக்கவும் முடிவானது. குடியேற்றப் பொறியாளர் வெடிமருந்து வைத்தார், பாறை சிதறியது. அக்கரையில் இருந்த ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி ஆற்றைக் கடந்து வந்து, எழுத்து தெரிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். அவற்றைச் செதுக்கிச் சிறிதாக்கி, கல்கத்தாவின் ஆசியக் கழக அரும்பொருளகத்துக்கு அனுப்பினார். மிஞ்சிய பெரிய துண்டு ஒன்று ஆளுநர் மாளிகைப் பக்கம் கிடந்தது. ஆளுநர் பினாங்கு போயிருந்த சமயத்தில், சாலை போடக் கல் தேவைப்பட்ட கைதிகள் அதை உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள் என்று ரீட் என்ற வணிகர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். அந்நாள் சிங்கப்பூரின் கைதிகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். சாலைகளும் பாலங்களும் பல கட்டடங்களும் அவர்கள் கையால் எழுந்தவைதான். கொடுக்கப்பட்ட வேலையை அவர்கள் செய்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை.

கல்கத்தா போன துண்டுகளில் ஒன்று பிற்காலத்தில் திரும்பி வந்தது. சிங்கப்பூர்க் கல் என்ற பெயரில் இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது அதுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கல்லை 'சோழர் கல்வெட்டு' என்று உறுதியாகச் சொல்லும் செய்திகள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கு வருகின்றன. விஷயம் இதுதான். 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், எஞ்சிய எழுத்துகளில் 'கேசரிவ' என்று ஒரு தொடர் தெரிவதாகச் சொன்னார். அது 'பரகேசரிவர்மன்' என்ற பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டவர்கள். ராஜராஜன் ராஜகேசரி, அவன் மகன் ராஜேந்திரன் பரகேசரி. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் பாய்ந்ததைத் தஞ்சைக் கல்வெட்டே சொல்கிறது. ஆகவே அந்தக் கருத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அது ஒரு சில எழுத்துகளின் வாசிப்பு மட்டும்தான். கல்லில் இருப்பது காவி என்ற பழைய ஜாவா எழுத்து வகை என்றும், மொழி பழைய ஜாவானியமாகவோ சமஸ்கிருதமாகவோ இருக்கலாம் என்றும் பலர் கருதுகிறார்கள். காலத்தையும் 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கணிக்கிறார்கள். காவி எழுத்தின் மூலம் பல்லவ எழுத்து என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி, அதற்காகக் கல்லைத் தூக்கி வந்து நம் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது. 50 வரியும் இருந்திருந்தால் இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது. 1843இல் அழிந்தது யாருடையது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அந்தப் புகையோடு போனது. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

எந்த வாயை அகலப்படுத்தக் கல்லை உடைத்தார்களோ, அந்த வாய் இன்று கடலைப் பார்க்கவே இல்லை. நிலமீட்பு கடலைத் தள்ளிக்கொண்டே போனது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு ஆறு ஒரு நன்னீர்த் தேக்கத்தில் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது கல்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில், சரணடைந்த 40,000க்கு மேற்பட்ட இந்திய வீரர்களை பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் உருவாகத் தொடங்கியது. முதல் முயற்சி சில மாதங்களில் சிதைந்தது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்றார். 5ஆம் தேதி பாடாங் திடலில், நகர மண்டபத்தின் முன்னால், படையைப் பார்வையிட்டு 'டெல்லி சலோ' என்றார். அக்டோபர் 21 அன்று அதே கேத்தேயில் ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிகச் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ தெருவில், பெண்களுக்கான ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறந்தது. அதன் தலைவி, இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன்.

இதில் தமிழர் பங்கை அடிக்குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. மலாயாவிலிருந்து சேர்ந்த பொதுமக்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்களில் பலர். கழுத்தில் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். தோட்டத்துக் கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் குனிந்தே நின்றவன் ஒரு சீருடையைப் போட்டு நிமிர்ந்து நின்றதன் பொருளை, இன்று வீவக அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து எழுதும் நான் முழுதாகப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் புரிகிறது.

1945 ஜூலை 8 அன்று போஸ் இந்த நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். இம்பால் முற்றுகை முந்தைய ஆண்டே தோற்றிருந்தது. மே மாதம் ரங்கூனும் கைவிட்டுப்போயிருந்தது. அதாவது தோல்வி தெரிந்த பிறகு கட்டிய சின்னம் இது. காட்டில் பசியாலும் காய்ச்சலாலும் விழுந்து, பெயர் பொறித்த கல்லறை கிடைக்காத வீரர்களுக்காகக் கட்டியது. கர்னல் சிரில் ஸ்ட்ரேசி மேற்பார்வையில் வேலை மளமளவென்று நடந்தது. இத்தெஃபாக், இத்மாத், குர்பானி என்ற மூன்று சொற்களைப் பொறித்தார்கள்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பணிந்தது. மறுநாள் போஸ் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார். 18ஆம் தேதி தைப்பேயில் விமான விபத்து.

செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. 12ஆம் தேதி நகர மண்டபத்தில் ஜப்பானியரின் சரணடைவுச் சடங்கு. அந்த மாதத்திலேயே சின்னம் தகர்க்கப்பட்டது. உத்தரவு, தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனுடையது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஊரில் மக்களுக்கு அரிசி இல்லை, மருந்து இல்லை, துறைமுகம் குலைந்து கிடக்கிறது. அதற்கு நடுவே ஒரு கல்லை உடைக்க ஆளும் வெடியும் ஒதுக்கியது எதற்காக? ஏனென்றால் திரும்பி வந்த பிரிட்டிஷ் படையிலேயே பெரும் பகுதி இந்திய வீரர்கள். நேற்றுவரை எதிர்ப்பக்கம் நின்றவர்களும் அதே ஊர், அதே மொழி, சில இடங்களில் அதே குடும்பம். பாடாங் ஓரமாக அணிவகுத்துப்போகும் ஒரு சிப்பாய் அந்தக் கல்லின் முன்னால் நின்று படித்துவிட்டால்? பேரரசு நின்றதே அந்தச் சிப்பாயின் விசுவாசத்தின் மேல்தான். ஒரு படை தோற்கலாம், அதன் கல் நின்றால் அது மறுபடி பேசும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பயம் வீண் பயமல்ல என்று அடுத்த சில மாதங்கள் காட்டின. நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. இந்தியா கொதித்தது. தண்டனையை நிறைவேற்ற முடியாமல் மூவரையும் விடுவித்தார்கள். 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள்.

அப்புறம் 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூர் வந்தார். இடிக்கப்பட்ட இடத்தில் அவர் மலர்வளையம் வைப்பதாக ஏற்பாடு. மவுண்ட்பேட்டன் அவரிடம் பேசி, அந்தச் சடங்கைக் கைவிடச் செய்தார். போஸ் அரசை அறிவித்த கேத்தே கட்டடம் அப்போது மவுண்ட்பேட்டனின் தலைமையகமாக இருந்தது. கல் போய் ஆறு மாதம் ஆகியும், அது நின்ற வெறும் தரையில் பூ விழக்கூடாது என்று ஒரு பெரிய தளபதி கவலைப்பட்டார். அந்த மாணவிக்கு இதைத்தான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

1995இல், போர் முடிந்த 50ஆம் ஆண்டில், தேசிய மரபுடைமைக் கழகம் இந்தியச் சமூகத்தின் நன்கொடையோடு அதே இடத்தில் ஒரு நினைவுக் குறியை வைத்தது. விரித்த புத்தக வடிவம். பல மொழிகளில் எழுதியிருக்கிறது, தமிழிலும்தான்.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள்

ஒரு நினைவிடத்தைத் தனியாகப் பார்த்தால் அதன் பாதிதான் தெரியும். இந்தக் குறியிலிருந்து சில நிமிட நடையில் லிம் போ செங் நினைவகம் இருக்கிறது. எண்கோணமாக, சிறிய பகோடா போல, நான்கு சிங்கங்கள் காவலிருக்க, 1954 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டது. அவர் ஜப்பானியருக்கு எதிரான ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் மறைமுகப் படையில் பணியாற்றியவர். பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, யாரையும் காட்டிக்கொடுக்காமல் 1944இல் பத்து காஜா சிறையில் இறந்தார். ஜப்பானோடு சேர்ந்து நின்றவர்களின் இடமும், ஜப்பானால் கொல்லப்பட்டவரின் நினைவகமும் ஒரே பூங்காவில் இருக்கின்றன.

"அப்ப நம்ம ஆளுங்க ஜப்பான்காரங்க பக்கமாக்கா?" என்று ஒரு மாணவன் ஒருமுறை குரலைத் தாழ்த்திக் கேட்டான். பக்கத்தில் சீன நண்பன் நின்றிருந்தான். இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆமாம், அந்தப் படை ஜப்பான் பக்கம் நின்று போரிட்டது. ஃபேரர் பார்க்கில் இந்திய வீரர்களுக்கு ஜப்பானியர் நட்புக் கரம் நீட்டிய மறுநாள், பிப்ரவரி 18 அன்று, சூக் சிங் தொடங்கியது. 18 முதல் 50 வயதுக்குட்பட்ட சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, பிரித்தெடுத்து, ஆயிரக்கணக்கில் கடற்கரைகளில் கொன்றார்கள். இரண்டு நிகழ்வுக்கும் நடுவே ஓர் இரவுதான்.

அதே சமயம் நம் மக்களுக்கும் ஜப்பான் கருணை காட்டவில்லை. தோட்டத்துத் தமிழர்களை ஆயிரமாயிரமாகச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பாதிப் பேர் திரும்பவில்லை என்ற கதை இல்லாத தோட்டம் குறைவு. சயாமுக்குப் போகாமல் தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. படையில் சேர மறுத்த இந்திய வீரர்கள் நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டு அங்கே மடிந்தார்கள். பிரிட்டிஷ் பக்கம் நின்று இறந்த இந்தியர்களின் பெயர்கள் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் இருக்கின்றன. இதையெல்லாம் அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் நண்பனும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பாட்டியின் அண்ணன் சூக் சிங்கில் போனவராம். அதற்குப் பிறகு இருவரும் லிம் போ செங் நினைவகத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் மற்றவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பாடாங் பக்கம் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் குடிமக்கள் போர் நினைவகம். நான்கு இனங்களுக்காக நான்கு தூண்கள், 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்டது. 1962இல் சிக்லாப் பகுதியில், ஜப்பானியர் கொன்றவர்களின் எலும்புகள் வெளிப்பட்ட பிறகு எழுந்த கோரிக்கையால் வந்தது அது.

கல்லில் தமிழ்

ஆற்றோரச் சின்னங்களில் தமிழ் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவது மாணவர்களுக்குப் பிடித்த வேலை. எம்பிரஸ் பிளேஸில் டல்ஹவுசி தூண் இருக்கிறது. 1850இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹவுசி வந்துபோனதற்காக எழுப்பியது. சிங்கப்பூர் அப்போது கல்கத்தாவின் ஆட்சியில் இருந்தது. அதில் ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. தமிழ் அங்கே இருப்பதில் வியப்பில்லை. ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான் படகுகளை அந்தத் தொடக்ககாலத்தில் பெரும்பாலும் ஓட்டியவர்கள் சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியர்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை, சூலியா ஸ்திரீட் என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது.

செனோட்டாஃப் நினைவுத்தூண் 1922 மார்ச் 31 அன்று திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர்கள் முன்பக்கம். இரண்டாம் போருக்குப் பிறகு பின்பக்கமும் எழுதினார்கள்: நாம் வாழ அவர்கள் இறந்தார்கள் என்ற பொருளில், நான்கு மொழிகளில். லிம் போ செங் நினைவகத்திலும் தமிழ்ப் பட்டயம் உண்டு. இங்கெல்லாம் பிறரைப் பற்றிய கல்லில் நம் மொழி நான்கில் ஒன்றாக நிற்கிறது. அது ஒரு மரியாதைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் மக்கள் தாமே கூடி, தம்முடைய இறந்தவர்களுக்காக இந்த ஆற்றுமுகத்தில் எழுப்பிய ஒரே கல் சில வாரங்கள்தான் நின்றது. 1995இல் வைத்த குறியின் முன்னால் நான் அதிக நேரம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

நடையில் என்ன மாற்றினோம்

முன்பெல்லாம் மெர்லயனில் தொடங்கி எஸ்பிளனேட் அரங்கில் முடிப்போம், படம் எடுக்க வசதி. இப்போது டல்ஹவுசி தூணில் தொடங்குகிறோம். கவென்னா பாலத்தைக் கடந்து, ஃபுல்லர்டன் பக்கம் முதல் கல் இருந்த இடத்தில் நிற்கிறோம். அங்கே காட்ட ஒன்றுமில்லை. ஆற்றைத்தான் காட்டுவேன். பிறகு ஆண்டர்சன் பாலம் வழியாகத் திரும்பி வந்து, செனோட்டாஃப், இந்திய தேசிய ராணுவக் குறி, லிம் போ செங். காலை 8 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

கடைசியாக ஸ்டாம்ஃபர்ட் சாலையில் தேசிய அரும்பொருளகம். அங்கே அந்தத் துண்டின் முன்னால் அவசரப்படாதீர்கள். நேராக நின்று பார்த்தால் வெறும் கரடுமுரடான பாறை போலத்தான் இருக்கும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் குனிந்து பாருங்கள், வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.